கூட்டுக்காரி

வேர்க்கிளம்பிக்குத் தெற்கே ரப்பர் விளைகளுக்கு நடுவில் கிடக்கிற அந்த ஊரில் பெண்களுக்கென்று இருந்த வேலை அண்டி ஆபீஸ் ஒன்றுதான். முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் இடத்தை அங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. சபிதா பதினேழு வயசில் அதில் போய் உட்கார்ந்தாள். வறுத்த கொட்டையைக் கல்லின்மேல் வைத்துச் சின்னக் கட்டையால் ஒரு தட்டு. பலம் கூடினால் பருப்பு நொறுங்கும், குறைந்தால் மேல்தோடு பிளக்காது. தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொள்ளித்துவிடும் என்று பெண்கள் உள்ளங்கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு இருப்பார்கள். பூசினாலும் விரல் நுனி கறுத்து உரியும். மத்தியானம் பழங்கஞ்சியில் காந்தாரி மிளகாயை நசுக்கும்போது அந்தப் புண்ணில் எரிச்சல் ஏறும். கல்யாண வீட்டுப் பந்தியில் அண்டி ஆபீஸ்காரிகளைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

அவளுடைய புருசன் செல்வன் ரப்பர் பால் வெட்டுகிறவன். கோட்டயம் பக்கம் கூலி கூடுதல் என்று போனான். முதலில் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் வந்தான். பிறகு பொங்கலுக்கு மட்டும். சின்னவன் சிஜின் முட்டிபோட்டுத் தவழ்கிற சமயத்தில் அதுவும் நின்றது. அங்கே ஒரு பெண்ணோடும் குழந்தையோடும் அவனைப் பஸ்ஸில் கண்டதாக ஊர்க்காரன் ஒருவன் வந்து சொன்னான். சபிதா தேடிப் போகவில்லை. வருகிறவனுக்கு வழி தெரியும் என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனாள். மூத்தவள் ஜிஷாவுக்கு அப்போது பத்து வயசு. அப்பா எங்கே என்று அவள் அம்மையிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு சங்கம் இருந்தது. புருசன் செத்தோ விட்டோ போய், பிள்ளைகளை ஒற்றைக்கு வளர்க்கிற பெண்களைப் படிக்கவைத்து வேலையில் சேர்ப்பது அதன் காரியம். படிப்புக்கான செலவோடு, வேலையில் இருக்கிற ஒரு பெண்ணையும் கூடவே துணைக்கு விடுவார்கள். வாரத்துக்கு ஒரு தடவை அவள் வந்து பாடம் சொல்லித் தரவேண்டும், மனசு தளர்ந்தால் பிடித்து நிறுத்தவேண்டும். சங்கத்து ஆட்கள் அவர்களை வழிகாட்டி என்று சொன்னார்கள். படிக்க வந்த பெண்கள் தோழி என்ற அர்த்தத்தில் கூட்டுக்காரி என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

சபிதாவுக்குக் கிடைத்த கூட்டுக்காரி ஜெஸ்பின். மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆசுபத்திரியில் நர்ஸ். நாற்பதைத் தொடும் வயது, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். அவளுடைய அம்மையும் ஒற்றைக்குத்தான் மகளை வளர்த்தாள். ஒரு பெண்கள் விடுதியில் பாத்திரம் தேய்த்து. அந்த அம்மை மகள் நர்ஸ் தொப்பி வைத்ததைப் பார்த்த வருஷமே செத்துப்போனாள். ஜெஸ்பின் அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டாள். ஆனால் தன் கையில் தந்த பெண் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு வெறி இருந்தது.

ஊரில் பேச்சு வராமல் இல்லை. சபிதா அய்யாவழிக்காரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நிழல் தாங்கல் கோயிலுக்குப் போய் மத்தியான வேளையின் உச்சிப்படிப்பு கேட்கிறவள். சபைக்காரி வீடேறி வந்தால் அடுத்தது ஞானஸ்நானம்தான் என்று தாங்கலில் இரண்டுபேர் சொன்னார்கள். ஜெஸ்பின் அந்த வீட்டில் ஒரு நாளும் வேதப்புத்தகத்தைத் திறக்கவில்லை. அவள் கொண்டுவந்ததெல்லாம் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியும், சோற்றுப் பருக்கை ஒட்டிய பழைய நர்சிங் பாடப்புத்தகங்களும்தான்.

ஒரு வருஷப் படிப்பு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளருக்கானது. முதல் மாதம் சபிதாவுக்கு நாடி கிடைக்கவே இல்லை. விரல் நுனி அவ்வளவு தடித்துப் போயிருந்தது. ஜெஸ்பினின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு உயிரு இருக்காண்ணே தெரியல்ல அக்கா என்று சொல்லி அவள் சிரித்தபோதுதான் இருவருக்கும் இடையில் இருந்த விறைப்பு போனது. அண்டி உடைக்காத விரல்களில் ஆடி மாசத்துக்குள் புதுத்தோல் வந்தது. நாடியும் கிடைத்தது.

அதிகாலையில் எழுந்து கஞ்சி வைத்து, கிழங்கு அவித்து, மூடிவைத்துவிட்டுச் சபிதா முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். வகுப்பு, மதியத்துக்குமேல் வார்டில் பயிற்சி. திரும்பி வரும்போது இருட்டிவிடும். நாலு வயசு சிஜின் காலையில் அங்கன்வாடிக்குப் போவான். மதியத்துக்குமேல் பக்கத்து வீட்டு முத்துக்கனி பார்த்துக்கொள்வாள். முத்துக்கனிக்கு ஐம்பத்தெட்டு வயசு. இடுப்பு பிடித்துக்கொண்டதால் அண்டி ஆபீசை விட்டவள். ஆபீஸ்காரர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து போடும் பருப்பின் சிவப்புத் தோலை உரித்துக் கொடுப்பாள். ஜிஷா ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது, ஐப்பசியில் துலாமழை தொடங்கும்வரை.

அந்த வருஷம் மழை விடாமல் நின்று பெய்தது. ரப்பர் மரங்களுக்குக் கீழே பகலிலேயே விளக்கு வேண்டியிருந்தது. துணி காயவில்லை, சுவரில் பூசணம் பூத்தது. சிஜினுக்கு இழுப்பு வந்தது. நெஞ்சு கூடு கட்டி ஏறி இறங்க, உதடு நீலம் பாரிக்கும். அங்கன்வாடி டீச்சர் பயந்துபோய், மழை முடிகிறவரை கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு பகல் முழுக்க அவன் முத்துக்கனியிடம்தான். ஒரு நாள் முத்துக்கனியின் மடியிலேயே மூச்சு அடைத்துக்கொண்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுவரை ஓட அவளுடைய இடுப்பு இடம் கொடுக்கவில்லை. சத்தம்போட்டு ஆள் கூட்டவேண்டி வந்தது.

அன்று சாயங்காலம் முத்துக்கனி ஜிஷாவிடம், இனி என்னால முடியாது பிள்ளே, ஏதாவது ஆச்சுண்ணா ஒனக்க அம்மைக்கு நான் என்ன சொல்லுவேன் என்று கையை விரித்துவிட்டாள். ஜிஷா தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, அம்மையிடம் சொல்லவேண்டாம், நான் வீட்டில் நின்றுகொள்கிறேன் என்றாள். முத்துக்கனி வேண்டாமென்றுதான் சொன்னாள். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. சபிதா படித்து ஒரு வேலையில் ஏறவேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. அந்தக் கல்லின் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இருவரும்.

அதற்குப் பிறகு ஜிஷா காலையில் யூனிபார்மைப் போட்டுக்கொண்டு அம்மையை வழியனுப்புவாள். பஸ் சத்தம் வளைவில் மறைந்ததும் கழற்றி மடித்து வைத்துவிடுவாள்.

தை மாசம் ஒரு நாள் ஜெஸ்பினுக்குப் போன் வந்தது. ஜிஷாவின் வகுப்பாசிரியர் சத்தியராஜ் பேசினார். வகுப்பு நேரத்தில் சபிதா போனை அணைத்துவைக்க வேண்டும் என்பதால் ஜெஸ்பினின் நம்பரையும் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்தார்கள். பிள்ளை மழைக்காலத்திலிருந்தே வரவில்லை, கூட்டாளிகளிடம் கேட்டால் அம்மைக்குச் சுகமில்லை என்கிறார்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று அவர் விசாரித்தார். ஜெஸ்பினுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பகலில் அவள் சொல்லாமல் போனாள். முத்துக்கனியின் அடுக்களைக்குப் பின்னால் தகரச் சாய்ப்பில் ஜிஷா சப்பணமிட்டு உட்கார்ந்து பிச்சாத்தி என்கிற சின்னக் கத்தியால் பருப்பின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் சாய்ந்து சிஜின் தூங்கினான். ஜெஸ்பினைக் கண்டதும் அவள் எழும்பவில்லை. தம்பி விழித்துவிடாமல் இருக்கக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மைட்ட சொல்லியாச்சா ஆன்டி?"

"இல்ல. நீ ஏன் மக்கா இப்பிடிச் செய்த?"

"இவனுக்கு எப்ப இழுப்பு வருமுண்ணு தெரியாது. மாமிக்குத் தூக்கிட்டு ஓடவும் முடியாது. அம்மைட்ட சொன்னா நாளைக்கே அவ அண்டி ஆபீஸ்ல போய் இருப்பா."

"நீ படிக்கண்டாமா?"

"அம்மை முடிக்கட்டும். பெறவு நான் படிக்கேன்." கையில் இருந்த பருப்பை முறத்தில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். "நீங்க சொல்லப்பிடாது ஆன்டி. உங்களுக்கே தெரியும்லா, அவ விட்டிருவாண்ணு."

ஜெஸ்பினுக்குத் தெரியும். அதுதான் சங்கடம். பரீட்சைக்கு இரண்டு மாசம் இருந்தது. சபிதா வகுப்பில் நல்ல பெயர் வாங்கியிருந்தாள். படிப்பு முடிந்ததும் எடுத்துக்கொள்வதாக நாகர்கோவிலில் ஒரு ஆசுபத்திரியில் வாய்ச்சொல்லும் கிடைத்திருந்தது. ஜெஸ்பின் சங்கத்தில் போய், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போட முடியுமா என்று கேட்டாள். எந்த வீட்டுக்கு என்று சொல்லவில்லை. படிப்புக்கு மட்டும்தான் உதவி, அப்படி ஒரு வீட்டுக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார்கள். ஒரு லீவு நாளில் அவள் சிஜினைக் குழந்தை டாக்டரிடம் காட்டி, மூச்சுக்கு அடிக்கிற பம்பு வாங்கிக் கொடுத்து, எப்படி அடிப்பதென்று ஜிஷாவுக்குக் கற்றுக்கொடுத்தாள். பாடப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு தடவை கணக்குச் சொல்லித் தரவும் பார்த்தாள். ஜிஷா உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாள்.

சத்தியராஜ் சாரிடம், வீட்டில் ஒரு கஷ்டம், பிள்ளை சீக்கிரம் வந்துவிடுவாள், நான் அம்மையிடம் பேசிவிட்டேன் என்று ஜெஸ்பின் சொன்னாள். அந்தப் பொய்யைச் சொல்லும்போது ஆசுபத்திரிப் படிக்கட்டில் நின்றிருந்தாள். வாரந்தோறும் சபிதாவின் முன்னால் போய் இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். திறந்த வாயால் படுக்கைப்புண் வராமலிருக்க நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பாய் என்று கேள்வி கேட்பாள். சபிதா தடங்கலில்லாமல் பதில் சொல்வாள். அந்தப் பதில் ஜெஸ்பினின் வாயை இன்னும் இறுக அடைக்கும்.

சபிதா பரீட்சையை நன்றாக எழுதினாள். சித்திரை பிறந்து நாலைந்து நாளில், வேலைக்கு வரச்சொல்லி நாகர்கோவிலிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவள் செய்த முதல் காரியம், கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் அடைப்பதற்கு முன்னால் மகளின் சாரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனதுதான். அண்டி ஆபீசில் இருந்த காலத்தில் பெற்றோர் கூட்டங்களுக்குப் போகாமல் கையை மறைத்துத் திரிந்தவள் அவள். வழியில் அரைக்கிலோ ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டாள்.

சத்தியராஜ் அவளைக் கண்டதும் உடம்பு தேவலையா என்று கேட்டார். அவள் முழித்தாள். ஜிஷா ஆண்டுப் பரீட்சை எழுதவில்லை, இனி ஒன்பதாம் வகுப்பில் திரும்பத்தான் உட்கார வேண்டும், இதெல்லாம் ஜெஸ்பின் மேடம் உங்களிடம் பேசியிருப்பார்களே என்று அவர் சொல்லச் சொல்ல அவளுடைய முகம் மாறுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சிப்ஸ் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சபிதா வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினாள்.

ஆசுபத்திரியின் மருந்துக்கடைப் பக்கம், மக்கள் வந்துபோகிற இடத்தில் நின்றாள். ஜெஸ்பின் வேலை முடிந்து வந்து அவளைக் கண்டதுமே புரிந்துகொண்டாள்.

"தெரிஞ்சும் நீங்க எனக்க முன்னால வந்து இருந்து பாடம் சொல்லித் தந்திய" என்றாள் சபிதா. குரல் உயரவில்லை.

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்ப, சபிதா."

"விட்டிருப்பேன். அவ எனக்க பிள்ளை. விடணுமா வேண்டாமாண்ணு நான்லா பாக்கணும். நீங்க யாரு?"

சபிதா கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

வீட்டில் அவள் ஜிஷாவை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. சாளை மீன் வாங்கி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பாத்திரம் கழுவும்போதுதான், நான் அந்த வேலைக்குப் போகப்போவதில்லை, நீ பள்ளிக்கூடம் திறந்ததும் போ என்றாள். ஜிஷா கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

"நீ போகல்லண்ணா, நான் இவ்வளவு நாளும் இருந்தது என்னத்துக்கு?"

சபிதா வேலைக்குப் போனாள். வேறு வழியில்லை. நாகர்கோவிலில் வடசேரியில் பஸ் இறங்கி நடக்கிற தூரம். வெளிர்நீல உடுப்பு. வார்டில் கிழவிகளைக் குளிப்பாட்டினாள், மலம் துடைத்தாள், நாடி பார்த்து எழுதினாள். சிஸ்டர் என்று நோயாளிகள் கூப்பிட்டபோது முதல் சில நாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். நல்ல வேலைக்காரி என்று மேலாளர்கள் சொன்னார்கள். இந்த நாளுக்காகத்தான் ஒரு வருஷம் கிடந்து உழைத்திருந்தாள். வந்த பிறகு அதில் வாய் வைக்க முடியாதபடி கசந்தது.

ஜிஷா பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தனக்குக் கீழே படித்தவர்களோடு போய் இருக்க முடியாது என்றாள். பிறகு அந்தக் காரணத்தையும் சொல்வதை நிறுத்தினாள். முத்துக்கனியின் சாய்ப்பில் போய் உட்கார்ந்தாள். கூடுதலாக இன்னொரு சாக்குப் பருப்பு இறக்கச் சொன்னாள். அவளுடைய பேச்சு, நடை, முந்தானை இல்லாத இடுப்பில் கையை வைத்து நிற்கிற விதம் எல்லாமே ஒரு நடுவயசுக்காரியுடையதாக மாறியிருந்தது. முத்துக்கனி இப்போது கிடந்து அடித்துக்கொண்டாள். என்னாலதான், அண்ணைக்கே ஒனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இப்பிடி வந்திராதே என்று சபிதாவிடம் அழுதாள். சபிதா அவளைத் தேற்றவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெக்கையும் மூட்டமுமாக இருந்தபோது சிஜினுக்கு இழுப்பு வந்தது. சபிதா அருகில்தான் இருந்தாள். கற்றுத் தேர்ந்த கை. நிமிர்த்தி உட்காரவைத்துப் பம்பை வாயருகே கொண்டுபோனாள். பிள்ளை அவளுடைய கையைத் தட்டிவிட்டு, அக்கா அக்கா என்று இரண்டு கையையும் நீட்டியது. சாய்ப்பிலிருந்து ஓடிவந்த ஜிஷா ஒன்றும் பேசாமல் பம்பை வாங்கிக்கொண்டாள். அவளுடைய மடியில் அவன் மூச்சு மெல்ல அடங்கியது. சபிதா சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் வேலை முடிந்து மார்த்தாண்டத்தில் இறங்கி ஜெஸ்பினின் வாடகை வீட்டுக்குப் போனாள். ஜெஸ்பின் பாலில்லாமல் கட்டன்சாயா போட்டு வைத்தாள். சபிதா அதைத் தொடவில்லை.

"நீங்க சொல்லல்லேண்ணு சண்டை போட்டுட்டுப் போனேன். ஆனா அக்கா, மார்கழி மாசமே நான் அவளுக்க விரலைக் கண்டேன். நகத்துக்க இடையில செவப்பு ஏறிக் கெடந்து. என்னதுட்டி இதுண்ணு கேட்டேன். சனிக்கிழமை மாமிக்குக் கூடமாட உரிச்சேன்னு சொன்னா. செரிண்ணு விட்டேன்." அவள் தன் விரல் நுனியைத் தடவினாள். "சனிக்கிழமை ஒரு நாளு உரிச்சா எவ்வளவு ஏறுமுண்ணு எனக்குத் தெரியாதா? அண்டிக்குள்ள கெடந்தவ இல்லியா நான்? கேட்டா படிப்பு போயிருமுண்ணு எனக்குள்ள ஒருத்தி பயந்தா. அவதான் பேசாம இருந்தா."

வெளியே ரோட்டில் மீன்காரனின் வண்டி ஹாரன் அடித்துப் போனது.

"எனக்கு இனி கூட்டுக்காரி வேண்டாம் அக்கா. அவளுக்கு வேணும். நான் சொன்னா அவ கேக்கமாட்டா. எனக்குச் சொல்லவும் நாக்கு வராது."

ஜெஸ்பின் அந்த வாரமே போனாள். பிறகு விடுமுறை கிடைத்த நாளெல்லாம் போனாள். ஜிஷா அவளோடு பேசவில்லை. சாய்ப்பில் எதிரே உட்கார்ந்து ஜெஸ்பினும் ஒரு பிச்சாத்தியை வாங்கி உரிக்கப் பார்த்தாள். பருப்பு பிளந்து வீணாகிறது என்று முத்துக்கனி வாங்கி வைத்துவிட்டாள். அதன்பின் சும்மா உட்கார்ந்திருந்தாள். சில நாள் சிஜினுக்குப் பம்பு அடிப்பதை முத்துக்கனிக்குப் பழக்கினாள். முத்துக்கனி பயந்து பயந்து கற்றுக்கொண்டாள். அவன் இனி தன்னிடம் இருக்கட்டும் என்று ஒரு நாள் தானாகவே சொன்னாள். மார்த்தாண்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் பேசி வைத்திருப்பதாக ஜெஸ்பின் பொதுவாகச் சொல்லிவைத்தாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

வைகாசி முடிகிற சமயம், ஒரு மழைநாளில், முத்துக்கனி உள்ளே போயிருந்தபோது ஜிஷா தலையைத் தூக்காமல் பேசினாள்.

"நீங்க எனக்கு வேண்டி வரல்ல. அண்ணைக்கு அம்மைக்கு வேண்டிப் பேசாம இருந்திய. இப்பவும் அம்மை சொல்லித்தான் வாறிய."

ஜெஸ்பினுக்கு மறுக்கத் தோன்றியது. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "ஆமா" என்றாள். "அண்ணைக்கு ஒன்னயக் கண்டபெறவும் நான் ஒனக்க அம்மையத்தான் நெனச்சேன். ஒன்ன நெனைக்கல்ல."

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜிஷா முறத்தைக் குலுக்கித் தோலை ஊதிவிட்டாள். அடுத்த பிடி பருப்பை அள்ளிக்கொண்டே, அந்தப் பள்ளிக்கூடத்துல எனக்க கூடப் படிச்சவிய யாரும் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஜெஸ்பின்.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று சபிதாவால் லீவு எடுக்க முடியவில்லை. வார்டில் ஏற்கெனவே இரண்டு பேர் வரவில்லை. ஜெஸ்பின்தான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். பஸ்ஸில் ஜிஷா சன்னலோரம் உட்கார்ந்தாள். புது யூனிபார்ம் தோளில் தூக்கிக்கொண்டு நின்றது. இறங்கியதும், இங்ஙனயே நின்னுக்கிடுங்க, கேட்டு வரைக்கும் வரவேண்டாம் என்றாள். ஜெஸ்பின் ஒரு பேக்கரி ஓரமாக நின்றாள். தன்னைவிட உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு நடுவில் ஜிஷா நடந்து போனாள். வாசலில் கும்பலாக நின்ற பெண்பிள்ளைகள் அவளைப் பெரிய வகுப்பு அக்காவோ என்பதுபோல் பார்த்து வழிவிட்டார்கள். மணி அடித்தது. பிறகு அவளைக் காணவில்லை.

மதியத்துக்குச் சற்று முன்னால் சபிதா போனில் கூப்பிட்டாள்.

"போனாளா அக்கா?"

"போனா."

"அழுதாளா?"

"இல்ல. திரும்பிக்கூடப் பாக்கல்ல."

அந்தப் பக்கம் வார்டின் இரைச்சல் கேட்டது. யாரோ ஒரு கிழவி தண்ணீர் கேட்டு முனகினாள். பாத்திரம் உருண்டது.

"அழுதிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள் சபிதா. போனை வைக்காமலே கிழவியிடம் போய்விட்டாள்.